நாலரை அடி வார்

செய்தி வந்தபோது மாலை ஐந்து பத்து. லிஃப்ட்காரரின் மகள் கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவரின் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒவ்வொரு வில்லையாக மாற்றிக்கொண்டிருந்தாள். கடை நேரத்தில் கைப்பேசியை எடுக்கக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. மூன்றாவது முறையும் அது அதிர்ந்தபோது பெரியவரே, "எடும்மா, என் கண்ணு எங்கயும் ஓடிடாது" என்றார்.

பேசியவர் பூங்கா சாலையில் சலவைக் கடை வைத்திருப்பவர். மூச்சு வாங்கியது.

"பாப்பா நல்லா இருக்கா. முதல்ல அதைச் சொல்லிடறேன். ஒரு கீறல் இல்ல. அப்பாதான்மா... நீ உடனே வா."

பாப்பா நல்லா இருக்கா என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் லேசானது. அதற்கு அடுத்த சொற்கள் காதுக்குள் போய்ச் சேர ஒரு கணம் பிடித்தது. அந்த ஒரு கணம் தான் நிம்மதியாக இருந்ததை அவள் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை.

அவள் அப்பா முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவர். ஆஸ்பத்திரி, ஓட்டல், அலுவலகம் என்று ஊரில் அவர் ஏறி இறங்காத தண்டு கிடையாது. லிஃப்ட் போய்வரும் அந்த இருட்டுக் கிணற்றைத் தொழிலில் தண்டு என்பார்கள். குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடி. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு, லிஃப்ட்காரர் வீட்டுக்கு எழுபத்திரண்டு படி என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

வேலைக்குப் போன காலத்தில் காலையில் காப்பி ஆறுவதற்குள் அவர் செய்கிற காரியம் ஒன்று உண்டு. இடுப்பிலும் தோளிலும் மாட்டும் பாதுகாப்பு பெல்ட்டை மடியில் போட்டுக்கொண்டு, வாரை அங்குலம் அங்குலமாக வளைத்துப் பார்ப்பார். வளைத்தால்தான் அறுந்த இழை வெளியே எட்டிப் பார்க்கும். திங்கள்கிழமைகளில் பெல்ட்டின் முதுகில் தைத்திருக்கும் சின்ன வெள்ளைத் துணியில் தேதி போட்டுக் கையெழுத்திடுவார். கம்பெனி கேட்டது மாதத்துக்கு ஒரு கையெழுத்து. அவர் போட்டது வாரத்துக்கு ஒன்று. சட்டை கிழிந்தால் அதோடு நாலு நாள் போவார். பெல்ட்டில் ஓர் இழை பிசிறினால் வீடே அமளிப்படும்.

காரணம் இருந்தது. அவருடைய ஜோடி வேலைக்காரர் ஒருவர் இருந்தார், நெட்டை என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். எட்டாத ஸ்பேனரை எடுப்பதற்காகக் கொக்கியை ஒரு நிமிஷம் கழற்றிவிட்டு, கம்பியைக் கையால் பிடித்தபடி குனிந்தார். மூன்று மாடி. அதைப் பற்றி அப்பா வாழ்நாளில் சொன்னது ஒரே வாக்கியம்: "பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தான்."

ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் அம்மா போனாள். அதற்கடுத்த வருஷம் பேத்தி பிறந்தாள். பேத்திக்கு ஒன்றரை வயதாகும்போது அவருக்கு லேசான பக்கவாதம் வந்தது. கை தப்பியது, வாய் தப்பியது. இடது கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்க மறுத்தது. மருமகன் கப்பலில் சமையல்காரர், எட்டு மாதம் கடலில் இருப்பவர். மகள் கடையிலிருந்து வர ஏழு மணி ஆகும். தரைத்தளத்தில் குடியிருந்த ஓர் அக்கா நாலைந்து பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொண்டாள், ஆனால் நாலு மணிக்கு மேல் ஒரு நிமிஷம் வைத்திருக்க மாட்டாள். ஆக, நாலிலிருந்து ஏழு வரை பேத்தி தாத்தாவின் பொறுப்பு.

நடக்கக் கற்காமலே ஓடக் கற்ற பிள்ளை அது. அவசரக்குடுக்கை என்று பெயர் வைத்து, நாளடைவில் அவசரம் தேய்ந்து, குடுக்கை என்றே நிலைத்துவிட்டது. பூங்கா வரை போய்த் திரும்புவது இருவருக்கும் வழக்கம். நடைபாதையை ஒட்டி ஒரு நீள மதில், மதிலின் முடிவில் சலவைக் கடை, அதைத் தாண்டிப் பூங்கா வாசல். மறுபக்கம் பஸ் போகும் சாலை. ஒரு நாள் குடுக்கை தாத்தாவின் விரலை உருவிக்கொண்டு சாலையில் இறங்கிவிட்டாள். சைக்கிளில் வந்த ஒருவர் விழுந்து, முழங்கையைத் தேய்த்துக்கொண்டு, பிள்ளையைத் தப்பவைத்தார். லிஃப்ட்காரர் எட்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். காலை எடுத்து வைக்க முயன்றும் அது வரவில்லை.

அன்றோடு நடை நின்றது. மகள்தான் நிறுத்தினாள். மூன்று மணி நேரமும் வீட்டுக்குள்ளேயே இருக்கவேண்டும் என்றாள். அவர் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, சாலையைப் பார்த்தபடி, சொன்ன இடத்தில் உட்கார்ந்திருந்தார். குடுக்கை கதவைத் தட்டித் தட்டி அழுதாள். பத்தாம் நாள் மகள் கவனித்தாள்: அப்பா தாடி மழிப்பதை விட்டிருந்தார்.

அதற்கடுத்த வாரம் அவர் பரணிலிருந்து பழைய டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னார். அதில் கம்பெனி தராத, அவரே வாங்கி வைத்த, பிரிக்காத வார்ச் சுருள் ஒன்று இருந்தது. மூன்று நாளில் குடுக்கைக்கு ஒரு பெல்ட் தயாரானது. மார்புக்குக் குறுக்கே ஒன்று, தோளுக்கு இரண்டு, முதுகில் ஒரு வளையம், வளையத்திலிருந்து மூன்றடி வார். முதுகில் வெள்ளைத் துணியும் உண்டு. மாட்டும்போது இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கவேண்டும் என்று குடுக்கைக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவளாகவே நின்றாள்.

தெரு சும்மா இருக்குமா? தரைத்தளத்து அக்கா, "இது பிள்ளையா, ஆட்டுக்குட்டியா? இலை தழை ஏதாவது போடறீங்களா?" என்று கேட்டாள். சலவைக் கடைக்காரர், "லிஃப்டு எல்லாம் மேலேயும் கீழேயும்தான் போகும்னு நினைச்சேன் அண்ணே, உங்களுது பக்கவாட்டுலயும் ஓடுதே" என்றார். லிஃப்ட்காரர் எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருந்தார். ஆளுக்கு அறுபது கிலோ இருக்கிற தடிமாடுகளை முப்பத்தொரு வருஷம் இதே வாரில் கட்டி வைத்தபோது யாரும் சிரிக்கவில்லை, பதினோரு கிலோவைக் கட்டினால் என்ன சிரிப்பு என்பார்.

மகளுக்குத்தான் சிரிக்க முடியவில்லை. சின்ன வெட்கம் இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. அப்பா வாரின் நுனியிலிருந்த கொக்கியைக் கையில் பிடிக்காமல் தன் இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டதை வீட்டுக்குள் மாட்டிப் பார்த்த முதல் நாளே கவனித்துவிட்டாள். கடையில் விற்கிற இந்த மாதிரிப் பட்டைகளில் கையில் கோத்துக்கொள்ளும் பிடிதானே இருக்கிறது என்றாள்.

"கை பிடி இல்லம்மா" என்றார் அவர். "கை மறந்துடும். மயக்கம் வந்தா முதல்ல விட்டுப்போறது கைதான்."

"மயக்கம் வந்து நீங்க விழுந்தா? எழுபது கிலோப்பா. அவளையும் சேர்த்து இழுத்துக்கிட்டுத்தான் விழுவீங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவர் கொக்கியைக் கழற்றி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையிலேயே பிடிக்கறேன் என்றார். வாக்குக் கொடுங்கள் என்று அவள் விடாமல் கேட்க, வாக்கும் கொடுத்தார். அந்த வாக்கின் பேரில்தான் நடை மறுபடி தொடங்கியது. ஐந்து மாதம் நடந்தது. அவர் நாள்தோறும் தாடி மழித்தார்.

ஆட்டோவில் போகும்போது அவள் தலைக்குள் ஓடியது அந்த வாக்குதான். கையில் பிடித்திருந்தால் கை விட்டிருக்கும். விட்டிருந்தால் குடுக்கை எப்படி நன்றாக இருக்கிறாள்? யாரோ ஓடிப் பிடித்திருக்கவேண்டும். யார் என்று கேட்டுக் காலில் விழவேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனாள்.

யாரும் பிடிக்கவில்லை. சலவைக் கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்தபடி எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். அவர் சொன்னதை அவள் பல தடவை கேட்டு வாங்கிக்கொண்டாள். லிஃப்ட்காரர் சாலைப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தார், எப்போதும் போல. திடீரென்று நின்றார். மதில் பக்கம் இரண்டு எட்டு வைத்தார், அந்தக் காலோடு. மதிலில் கையை ஊன்றினார். அப்படியே விழுந்தார். முன்னால் ஓடிக்கொண்டிருந்த குடுக்கை பொத்தென்று உட்கார்ந்தாள், அவ்வளவுதான். தலை குப்புறப் போகவில்லை. எழுந்து தாத்தாவைப் பார்த்தாள். பிறகு பயந்து சாலைப் பக்கம் ஓடினாள். கடைக்காரர் கடையிலிருந்து கத்தினாரே தவிர, அவர் இறங்கி வருவதற்குள் ஒரு பஸ் போய்விட்டது.

"ரோட்டுக்கு ஒரு சாண் இருக்கையில நின்னுட்டாம்மா. இழுக்கறா, இழுக்கறா, வர முடியல. அண்ணன் அசையல. அண்ணனை யாரு அசைக்க முடியும்?"

சொல்லிவிட்டு அவர் திரும்பிக்கொண்டார். பக்கவாட்டு லிஃப்ட் என்று கிண்டல் செய்ததை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, அதற்குப் பிறகு அவர் அந்த வார்த்தையை எடுக்கவே இல்லை.

கொக்கி இடுப்பில் மாட்டியிருந்தது. அவர் வாக்குத் தவறியிருந்தார். அன்று மட்டுமா, ஐந்து மாதமுமா என்று அவளுக்குத் தெரியாது. தெருமுனை திரும்பும் வரை கையில் பிடித்துக்கொண்டு போயிருப்பார் என்று நினைத்தாள். கடை விடுமுறை நாட்களில் அவள் பார்க்கும் ஜன்னலிலிருந்து அவ்வளவு தூரம்தான் தெரியும்.

இதயம் நின்றுவிட்டது, விழும்போதே முடிந்திருக்கும் என்றார் மருத்துவர். ஆஸ்பத்திரியில் ஒரு பையில் போட்டுக் கைக்கடிகாரத்தையும் சாவியையும் இடுப்பு பெல்ட்டையும் பிள்ளையின் பெல்ட்டையும் கொடுத்தார்கள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, ஒரு மத்தியானம் அவள் அந்தப் பையைப் பிரித்தாள். வார் நீண்டிருப்பது போலத் தோன்றியது. நடுவில் ஓரிடத்தில் ஒன்றரை அடி நீளத்துக்கு அறுந்த நூல் வரிசை வரிசையாக நின்றது. வார் அறவில்லை, நூல்தான் அறுந்திருந்தது. தனக்குத் தெரிந்து அங்கே மடிப்பு ஒன்று இருந்தது, ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தாள். டிரங்குப் பெட்டியில் கிடந்த அப்பாவின் பழைய பெல்ட்டை எடுத்துப் பார்த்தபோது அதிலும் அதே மடிப்பு இருந்தது, இன்னும் பிரியாமல். ஆள் விழுந்தால் மடிப்பின் தையல் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கும், அதில் விழுந்த வேகம் தேய்ந்துபோகும், இடுப்பெலும்பு தப்பும். இது அவர் எப்போதோ சொல்லி, அவள் காதில் வாங்காமல் விட்டது. பிள்ளையின் வாரில் அவர் அந்தத் தையலைத் துணி தைக்கிற சாதா நூலால் போட்டிருந்தார். பதினோரு கிலோவுக்கு அது போதும்.

முதுகிலிருந்த வெள்ளைத் துணியில் திங்கள்கிழமைத் தேதிகளும் கையெழுத்துகளும் இருந்தன. அவற்றுக்குக் கீழே, பொடி எழுத்தில், ஒரு வரி: நடைபாதை 6 அடி. வார் 3. பிரிந்தால் 4½.

நீங்க விழுந்தா என்று அவள் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லாமல் போனார் என்று அதுவரை நினைத்திருந்தாள்.

மூன்று வாரம் கழித்துக் குடுக்கை அந்த பெல்ட்டைத் தேடி எடுத்துவிட்டாள். தரையில் இழுத்துக்கொண்டு வந்து, அம்மாவின் முன்னால் போட்டு, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றாள். நாலு மணி ஆகியிருந்தது.

"மாட்டு" என்றாள்.

ஒரு தடவை விழுந்தவனைத் தாங்கிய பெல்ட்டை மறு தடவை மாட்டக் கூடாது. பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. வேறு யாரும் தெரியாமல் எடுத்து மாட்டிவிடாமல் இருக்க அன்றைக்கே வெட்டிப்போடவேண்டும். இது அந்தத் தொழிலின் சட்டம், அவளுக்கு ஏழு வயதிலிருந்து தெரியும். ஒரு பெல்ட்டை அப்பா அப்படி வெட்டியதை அவள் பார்த்திருக்கிறாள், நெட்டை போன வாரத்தில். அது நெட்டையுடைய பெல்ட் அல்ல. அவரைப் பிடிக்கப் பாய்ந்தபோது அப்பாவைத் தாங்கிய பெல்ட்.

அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். வெள்ளைத் துணியை மட்டும் தையல் பிரித்துத் தனியே எடுத்துவைத்தாள். தோள் வார்கள் இரண்டையும், மார்பு வாரையும், நாலரை அடியையும் துண்டு துண்டாக வெட்டினாள். குடுக்கை அழவில்லை. கீழே விழுந்த ஒவ்வொரு துண்டையும் பொறுக்கி அம்மாவின் மடியில் போட்டாள். கைகள் ஓய்ந்ததும் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுபத்திரண்டு படி இறங்கி, மதில் ஓரமாகவே நடந்து, பூங்கா வரை போய்த் திரும்பினாள். குடுக்கை பதின்மூன்று கிலோ ஆகியிருந்தாள். வழியில் ஓரிடத்திலும் இறக்கிவிடவில்லை.

டிரங்குப் பெட்டியின் அடியில் இன்னொரு பெல்ட் இருந்தது. மூன்று வயதுக்கு ஆகும் அளவில் வெட்டியிருந்தார். மார்பு வார் தைத்தாகிவிட்டது, இடது தோளும் ஆகிவிட்டது. வெள்ளைத் துணியில் இன்னும் தேதி எதுவும் இல்லை. வலது தோள் வாரில் ஊசி நாலாவது தையலில் குத்தியபடி நிற்கிறது.