கலங்கல் வரைக்கும் ஓடிய வண்டி

முதல் தடவை வண்டி நின்றபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த தடவையும் அதே இடத்தில், ஏரி நிரம்பினால் தண்ணீர் வழியும் கலங்கலுக்குப் பக்கத்தில், கன்னிமார் சாமியாகக் கும்பிடும் கற்களுக்கு எதிரில் நின்றபோது இறங்கி அந்தக் கற்களைக் கும்பிட்டேன். பின்னால் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன்.

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப் போயிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். ஒரு தடவை தவறினாலும் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த வருஷ மழையில் மெயின் ரோட்டுச் சிறுபாலம் உடைந்து, டவுன் பஸ் நின்றுபோனது. மிச்சம் இருந்தது ஏரிக்கரை வழிதான். அந்தச் சேற்றில் மற்ற வண்டிகள் சிக்கிக்கொள்ளும். எங்கள் வண்டி போகும்.

ஒற்றை சிலிண்டர் வைத்த பழைய மோட்டார் சைக்கிள் அது. தார் ரோட்டிலும் ஓடும், வரப்பிலும் ஏறும் என்று செய்த சாதி. உயரம் அதிகம். முன் மட்கார்டு சக்கரத்தை விட்டு ஒரு சாண் மேலே நிற்கும். சைலன்சர் சீட்டுக்குப் பக்கத்தில் தூக்கிக்கொண்டிருக்கும். மனைவி குள்ளம். பம்புசெட் தொட்டி மேல் ஏறி நின்றுதான் சீட்டில் உட்காருவாள். "மாடியில ஏத்தி வெச்சிக்கினு போற" என்பாள். செயினுக்கு எண்ணெய் விடுவது, ஏர் பில்டரை அலசிக் காயவைப்பது, பிளக்கைத் தேய்ப்பது எல்லாம் நானே செய்வேன். அதற்கு மேல் என்றால் சாலவாக்கம் மெக்கானிக்.

செவ்வாய், வெள்ளி எங்கள் வீட்டில் விளக்கேற்றும் நாள். ஆஸ்பத்திரி நாளும் அதுவாகவே அமைந்ததில் எனக்கு ஒரு தைரியம் இருந்தது. குளித்துவிட்டு வண்டியைத் துடைத்து, ஹெட்லைட்டுக்கு ஒரு பொட்டு, பெட்ரோல் டேங்க் மூடிக்கு ஒரு பொட்டு வைப்பேன். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து வைத்து, நடுவில் குங்குமம். மூடி என் கண்ணுக்கு நேர் கீழே இருக்கும். ஓட்டும்போது சாமி முன்னால் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

வண்டி நிற்கும் விதமே ஒரு மாதிரியாக இருக்கும். படக்கென்று நிற்காது. முதலில் இழுவை குறையும், பிறகு இருமும், பிறகு அடங்கிவிடும். எவ்வளவு உதைத்தாலும் எடுக்காது. டேங்க்கை ஆட்டிப் பார்ப்பேன். பெட்ரோல் தளும்பும் சத்தம் கேட்கும். மூடியைத் திறக்க மாட்டேன். காலையில் வைத்த பொட்டைக் கலைக்க மனம் வராது. கற்களைப் பார்த்துக் கும்பிட்டபடி நிற்பேன். கொஞ்ச நேரம் போனதும் தானாக எடுத்துக்கொள்ளும்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன்.

"இன்னா நைனா, மறுபடியும் அதே எடமா?"

"அதே எடம்தான்பா. கன்னிமாரு எதிர்ல."

"அப்ப எங்கிட்ட எதுக்கு இட்டுக்கினு வந்த? பூசாரிகிட்ட உடு."

சொன்னானே தவிர, நன்றாகத்தான் வேலை செய்தான். டேங்க் மூடியைத் திறந்து சீட்டில் வைத்துவிட்டு உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தான். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினான். பிளக் மாற்றினான். இக்னிஷன் காயிலையும் மாற்றினான். மூடியை மாட்டும்போது காய்ந்த சந்தனம் உதிர்ந்ததை விரலால் தட்டிவிட்டான். தானே ஏறி, கலங்கலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தான். எங்கும் நிற்கவில்லை.

"சூப்பரா கீது நைனா. பயப்படாம போ."

அடுத்த வெள்ளிக்கிழமை அவளை ஏற்றிக்கொண்டு போனேன். அதே இடத்தில் நின்றது.

அன்றைக்குத்தான் ஒன்றோடு ஒன்றைக் கோத்துப் பார்த்தேன். மெக்கானிக் ஓட்டினால் போகிறது. நான் தனியாக வயலுக்குப் போனால் போகிறது. அவள் உட்கார்ந்தால்தான் நிற்கிறது. ஊரிலும் பேச்சு கிளம்பிவிட்டது. குழாயடியில் ஒரு பெண், "கன்னிமாரு அவள கூப்புடுதுங்க" என்று சொன்னது மனைவியின் காதிலேயே விழுந்தது.

"என்ன கூப்ட்டு இன்னா பண்ணப் போதுங்க?" என்றாள் வீட்டுக்கு வந்து. "ஒரு கொடம் தண்ணி தூக்க முடியாது என்னால."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கன்னிமாருக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டேன். பொட்டைப் போன தடவையை விடப் பெரிதாக, தடிமனாக வைத்தேன்.

மழை விடவில்லை. ஏரி நிரம்பி, கலங்கல் வழிய ஆரம்பித்தது. கலங்கலுக்குக் கீழே உள்ள தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியது. செவ்வாய்க்கிழமை அவள் கால் வீங்கி, முகம் ஊதியிருந்தது. படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று விடியும் வரை சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். போகாமல் இருக்க வழியில்லை.

கரை மேல் வரும்போதே இஞ்சின் சத்தத்தை ஒவ்வொரு துடிப்பாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். கன்னிமார் கற்கள் தெரிந்தன. பாதிக் கல் வரை தண்ணீர். இருமல் வரவில்லை. தாண்டிவிட்டோம் என்று நினைத்துத் தரைப்பாலத்தில் இறக்கினேன். நடுவில் போகும்போது இழுவை குறைந்தது. இருமியது. நின்றது.

தண்ணீர் என் முழங்காலுக்குக் கீழே இழுத்துக்கொண்டு ஓடியது. ஒரு காலை எடுத்து உதைத்தால் வண்டி சாயும். சாய்ந்தால் அவளும் போவாள். இரண்டு காலையும் ஊன்றி நின்றேன். பின்னால் அவள் மூச்சு என் முதுகில் கரகரவென்று கேட்டது. எனக்கு வாயில் சாமி பேரைத் தவிர வேறு எதுவும் வரவில்லை.

"யோவ், பெட்ரோல் கீதா பாருயா."

"கீதுமே. சத்தம் கேக்குது."

"தொறந்து பாரு. சாமிய அப்பறமா கூப்டுக்கலாம்."

சாவியைப் போட்டேன். மூடி, உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல இறுக்கமாக இருந்தது. பலமாகத் தூக்கியதும் 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே போனது. பொட்டு இரண்டாக உடைந்து தண்ணீரில் விழுந்தது. மூடியை மாட்டாமல் அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் என் இடுப்பைக் கட்டிக்கொள்ள, ஒரே ஓர் உதை உதைத்தேன். எடுத்துக்கொண்டது. பெட்ரோல் தொடையில் தெறிக்கத் தெறிக்கக் கரையேறினோம்.

அன்றைக்கு டயாலிசிஸ் நடந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று நர்ஸ் ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மூடியை மெக்கானிக்கிடம் கொடுத்தேன். அவன் வாயில் வைத்து ஊதிப் பார்த்தான், காற்று போகவில்லை. ஊசியால் குத்த, சந்தனத் தூள் வந்தது.

"இதான் நைனா டேங்க்குக்கு மூக்கு. பெட்ரோல் எறங்க எறங்க இந்த ஓட்ட வழியா காத்து உள்ள போவணும். நீ அடைச்சிட்ட. கொஞ்ச தூரம் ஓடும், அப்பறம் எறங்காது. ஈரச் சந்தனம் காஞ்சி வெடிச்சா காத்து போவும், தானா எடுத்துக்கும். நான் தொறந்து பாத்தன், சரியாப் போச்சி. நீ மறுபடி அப்பிட்ட."

எங்கள் வீட்டிலிருந்து அந்தக் கொஞ்ச தூரம் கலங்கலில் முடிந்திருக்கிறது. வயல் கிட்டத்திலேயே இருப்பதால் அங்கே போகும்போது தெரியவில்லை. பயம் ஏற ஏற நான் சந்தனத்தை ஏற்றியிருக்கிறேன்.

பொங்கல் வைத்துவிட்டேன். வேண்டியது வேண்டியதுதான். கன்னிமார் நிறுத்தவில்லை, அவள் வாயில் 'தொறந்து பாரு' என்ற வார்த்தையைக் கொடுத்தது அவர்கள்தான் என்று நம்புகிறேன். இப்போது ஹெட்லைட்டுக்கு மட்டும் பொட்டு.

வண்டி இப்போது நிற்பதில்லை. தரைப்பாலத்தில் தண்ணீர் இன்னும் வடியவில்லை. அதில் இறங்கும்போதெல்லாம் என் காது இஞ்சினை விட்டுவிட்டு முதுகுப் பக்கம் போகிறது.

"இன்னாயா கேட்டுக்கினு வர்ற?"

"இஞ்சின் சத்தம்தான்."

"அது நல்லாத்தான் ஓடுது. நீ ரோட்டப் பாரு" என்கிறாள், இரண்டு தடவை மூச்சு வாங்கிக்கொண்டு.