நெடுவேலி நாட்டின் சட்டங்கள்

எண்பதுகளின் நடுவில் எனக்குப் பாரிமுனைப் பக்கம் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கிளார்க் வேலை. வீடு கிழக்குத் தாம்பரம். காலை ரயில் தாம்பரத்திலேயே புறப்படுவதால் பெண்கள் பெட்டியில் ஜன்னலோர இடம் எனக்குத் தவறாமல் கிடைக்கும். எதிர் சீட்டு என் தோழிக்கு. அவள் எழும்பூரில் ஒரு பள்ளியில் வரலாற்று ஆசிரியை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, சர்ச்சுக்குப் பின்னால் அவள் வீடு. கையை வீசி வீசிப் பேசுவாள். பக்கத்தில் உட்காருகிறவர்கள் டிபன் பாக்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் பல்லாவரத்துக்கு முன்னால் சிக்னல் கிடைக்காமல் வண்டி நின்றுவிட்டது. மின்விசிறி ஓடவில்லை. ஜன்னலுக்கு வெளியே, கல் உடைத்து உடைத்துப் பாதியாகிப்போன மலை. தோழி அதையே பார்த்துக்கொண்டு எரிச்சலாக இருந்தாள்.

"நேத்து கிளாஸ்ல ஒரு பொண்ணு கேட்டா. மிஸ், எல்லா ராஜாவும் குளம் வெட்டினான், கோயில் கட்டினான், சண்டை போட்டான், செத்துப்போனான். வேற ஒண்ணுமே பண்ணலியான்னு. கிளாஸே சிரிக்குது."

"நீ என்ன சொன்னே?"

"பரீட்சைக்கு அவ்வளவுதான் வேணும், உக்காருன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?"

"அப்போ நீயே ஒரு ராஜாவைப் பண்ணிடேன்" என்றேன். வண்டி நின்ற அலுப்பில் சொன்ன பேச்சு அது. அவள் பிடித்துக்கொண்டாள். அந்த மலைமேல் ஒரு கோட்டை இருந்தது என்றாள். கோட்டையைச் சுற்றி முள்வேலி. வேலி எவ்வளவு தூரம் என்று கேட்டேன். தாம்பரம் வரைக்கும் என்றாள். அதனால் நாட்டுக்கு நெடுவேலி என்று பெயர் வைத்தோம். சிக்னல் விழுந்து வண்டி கிண்டியைத் தாண்டுவதற்குள் அந்த நாட்டுக்கு ஒரு ஏரி, ஒரு சந்தை, காது கேட்காத ஒரு ராஜா எல்லாம் வந்துவிட்டன.

மறுநாள் வண்டி எங்கும் நிற்கவில்லை. நாங்களாகவே தொடர்ந்தோம். அதற்குப் பிறகு ஞாயிறும் விடுமுறையும் தவிர எல்லா நாளும் நெடுவேலிதான்.

அந்த நாட்டை ஆண்டவர்கள் வேலியர் என்ற போர்ச்சாதியார். அவர்கள் எப்படி ஆட்சிக்கு வந்தார்கள் என்பதை என் தோழி ஒரு வாரம் யோசித்துச் சொன்னாள். ஆதியில் அங்கே காட்டுப்பன்றித் தொல்லை. வயலைக் காக்க முள்வேலி போட்டு, ராத்திரியெல்லாம் ஈட்டியோடு காவல் நின்றவர்களுக்கு ஊரார் விளைச்சலில் ஒரு பங்கு கொடுத்தார்கள். காவல் நின்றவன் மகனும் காவல் நின்றான். காலப்போக்கில் காடு அழிந்து பன்றிகள் வருவது நின்றுவிட்டது. பங்கு வாங்குவது மட்டும் நிற்கவில்லை. ஈட்டி வாளாக மாறியது, பங்கு வரியாக மாறியது, காவல்காரன் அரசனாக மாறினான். "இதுக்கு மேல ஒரு வம்சத்துக்கு என்ன வேணும்?" என்றாள்.

வேலியர் வீட்டு வாசலில் மட்டும் வாள் தொங்கும். அவர்கள் வீட்டுக் கூரையைவிட உயரமாக வேறு யாரும் கூரை போடக்கூடாது. பன்றி வராவிட்டாலும் வருஷத்துக்கொரு முறை வைக்கோலில் பன்றி செய்து, அதை ராஜா குத்துவார். போரும் ராஜதந்திரமும் அவளுடைய இலாகா. அரண்மனை அடுப்படி, மழை, திருவிழா, வதந்தி எல்லாம் என்னுடையவை. அலுவலகத்தில் மாலைவரை பிரீமியம் ரசீதுகளோடு மல்லுக்கட்டும்போது, நாளைக்கு ராஜாவின் சமையற்காரனை யாரோடு சண்டை போட வைக்கலாம் என்று ஒரு ஓரத்தில் யோசனை ஓடும். அந்த வருஷங்களில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. காலையில் எழுந்து போவதற்கு ஒரு நாடு இருந்தது.

குரோம்பேட்டையில் ஒரு அக்கா ஏறுவார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசர், ஐம்பதைத் தாண்டிய வயது. கஞ்சி போட்ட பருத்திப் புடவை, மடியில் கறுப்புக் கைப்பை. என் பக்கத்தில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்றுதான் நினைத்திருந்தோம். ஒரு நாள் பதினாறு வயது இளவரசன் ஒருவனைப் படைத்தலைவனாக்கிக்கொண்டிருந்தபோது, மூடிய கண்ணோடு அவர் சொன்னார்:

"பதினாறு வயசுப் பையனுக்கு எப்படிம்மா சார்ஜ் குடுப்பீங்க? ட்ரெயினிங் எத்தனை வருஷம்?"

நாங்கள் திடுக்கிட்டுப் போனோம். அவர் கண்ணைத் திறந்தார்.

"அப்புறம், கோட்டைக் காவலுக்கு ராத்திரி ஷிப்ட் யாரு? ஒரே ஆளு ரெண்டு ஷிப்ட் பார்த்தா தூங்கிடுவான். நான் இருபது வருஷமா பார்க்கிறேன்."

அன்றிலிருந்து நெடுவேலியின் சட்டமெல்லாம் அக்காதான். காவல் முறை, தண்டனை, வாரிசு, விடுப்பு என்று ஒழுங்காகப் போட்டுக் கொடுத்தார். படைவீரனுக்குக் கல்யாண விடுப்பு உண்டா என்று நாங்கள் மூவரும் மீனம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை விவாதித்திருக்கிறோம். சுற்றியிருந்த பெண்களும் காது கொடுக்க ஆரம்பித்தார்கள். கதம்பம் விற்கிற பெண்மணி கூடையோடு ஏறியதும் கேட்பாள்: "இன்னாக்கா, உங்க ராஜா இன்னா பண்ணிகினு கீறாரு? இன்னிக்காவது அவரு வூட்டாண்ட விசேஷம் எதுனா உண்டா? பூ அப்படியே கீது."

மூன்றாம் வருஷம் என் தோழி ஒரு காதலைக் கொண்டுவந்தாள். ராஜாவின் அண்ணன் மகள், வாள் வீச்சில் கெட்டிக்காரி, குளம் வெட்டுகிற ஒருவனை விரும்புகிறாள். பெட்டியில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

"வேலியர் பொண்ணு வெளியில கட்டினா வாளை வாசல்ல வெச்சிட்டுப் போயிடணும். திரும்பி வரக்கூடாது. சட்டத்துல அதைச் சேர்த்துக்கோங்க."

"ஏன்க்கா? நாமதானே சட்டம் போடறோம். நல்லதாப் போடலாமே" என்றாள் தோழி.

"ஆளுறவங்களுக்குன்னு ஒரு கட்டு வேணும். எங்க தாத்தா முப்பாட்டன் எல்லாம் அந்தக் காலத்துல படை நடத்தினவங்க. எங்க அண்ணன் இன்னிக்கும் கல்யாணப் பத்திரிகையில அதைப் போடாம விடமாட்டார். கட்டு விட்டுச்சுன்னா அப்புறம் வேலியர் எதுக்கு?"

"பன்றியே வரலியேக்கா. வேலியே எதுக்கு?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த சில நாட்கள் நெடுவேலியில் ஒன்றும் நடக்கவில்லை. நான் அடுப்படி வதந்தி ஒன்றை ஆரம்பித்துப் பார்த்தேன். யாரும் சேர்ந்துகொள்ளவில்லை.

பிறகு அக்கா வண்டிக்கு வருவதே நின்றது. குரோம்பேட்டையில் வேறு யாராவது வந்து உட்காருவார்கள். எங்கள் மேல் இவ்வளவு கோபமா என்று என் தோழிக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டிருந்த வாரத்தில் அவர் திரும்பி வந்தார். புடவையில் கஞ்சியில்லை. முகம் வாடியிருந்தது. பல்லாவரம் தாண்டியதும் தானாகவே சொன்னார்.

அவருக்கு ஒரே மகள். எம்.எஸ்ஸி. முடித்திருந்தாள். கூடப் படித்தவன் ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்றிருக்கிறாள். அவனுக்கு மறைமலை நகரில் கார் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. இவர்கள் சாதியில்லை. அக்கா லீவு போட்டுவிட்டு மகளுக்குக் காவலாக வீட்டிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"தினம் ராத்திரி சாப்பிடும்போது நம்ம நெடுவேலி கதையை அவகிட்ட சொல்வேன். ராஜா என்ன பண்ணார், சமையல்காரன் என்ன பண்ணான் எல்லாம். விழுந்து விழுந்து சிரிப்பா. இப்போ அவ கேக்கிறா, உனக்கு ஒரு நாட்டையே குடுத்தாங்களேம்மா, அதுல போயும் நீ இந்தச் சட்டத்தைத்தான் போட்டியான்னு." அவர் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். "அவங்க அப்பா அன்னிக்கே சரின்னுட்டார். நான்தான் குறுக்கே நிக்கிறேன்."

 அக்கா என் தோழியைப் பார்த்தார்.

"அந்தக் குளம் வெட்டறவனைக் கூப்பிடு. நான் பேசணும்."

தோழி ஒரு நிமிஷம் விழித்தாள். பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "வந்துட்டேம்மா, சொல்லுங்க" என்றாள்.

"என்ன படிச்சிருக்கே?"

"மண்ணைப் படிச்சிருக்கேன். எந்த இடத்துல தண்ணி ஊறும்னு சொல்லிடுவேன்."

"என் பொண்ணுக்குக் கோபம் வந்தா சாப்பிடாம உக்காந்துடுவா. என்ன பண்ணுவே?"

"நானும் சாப்பிடாம பக்கத்துல உக்காந்துப்பேன்."

"தப்பு. நீ சாப்பிடணும். தட்டுச் சத்தம் கேட்டாத்தான் அவ எழுந்து வருவா."

எதிர் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"எங்க ஆளுங்க உன்னைக் கேவலமாப் பேசுவாங்க. அவளையும் பேசுவாங்க. அப்போ?"

 தோழி செருகிய முந்தானையை எடுத்துவிட்டுத் தன் குரலிலேயே சொன்னாள்: "அக்கா, அதுக்கு அவன் என்ன சொல்ல முடியும்? நீங்க கூட நின்னா பேச்சு கொஞ்சம் குறையும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

மாம்பலத்தில் பாதிக் கூட்டம் இறங்கியது. கோடம்பாக்கத்தில் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"அந்தச் சட்டத்தை எடுத்துடலாம்."

"யார் அறிவிக்கிறதுக்கா?"

"ராஜாவே அறிவிக்கட்டும். இத்தனை நாளா சும்மாதானே உக்காந்திருக்கார்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் தன் அம்மாவோடு குரோம்பேட்டை வீட்டுக்கு வந்தபோது, தனியாக உட்கார தைரியமில்லை என்று எங்கள் இருவரையும் அக்கா வரச்சொல்லியிருந்தார். ஒல்லியான பையன். பஜ்ஜியை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா அதைவிடப் பயந்திருந்தார். அக்கா கேட்க வைத்திருந்த கேள்வியெல்லாம் மறந்துவிட்டு, "எக்ஸ்சேஞ்சுல எல்லாரும் என்னைப் பார்த்தா பயப்படுவாங்க, நீங்க பயப்படாதீங்க" என்று அந்த அம்மாவிடம் சொன்னார். அதற்குப் பிறகு அந்த அம்மா அழ, அக்காவும் அழ, நாங்கள் பஜ்ஜியைத் தின்றோம்.

கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீஸில் நடந்தது. சாப்பாடு குரோம்பேட்டையில் ஒரு சின்ன மண்டபத்தில். அக்காவின் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் வரவில்லை. அவருடைய அண்ணன் வரவே இல்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அக்கா எட்டிப் பார்த்ததை நான் கவனித்தேன். ஆனால் காலியாகக் கிடந்திருக்க வேண்டிய பந்தியில் எங்கள் ரயில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். கதம்பக்காரப் பெண்மணி ஒரு கூடைப் பூ கொண்டுவந்து எல்லோர் தலையிலும் வைத்துவிட்டாள்.

நெடுவேலி இன்னும் சில வருஷம் நடந்தது. முன்போல் தினமும் இல்லை. எனக்குக் கல்யாணமாகி, தோழிக்குக் கல்யாணமாகி, பேச்சில் பால் டின்னும் எல்.கே.ஜி. சீட்டும் புகுந்தன. கடைசியாக அந்த நாட்டில் என்ன நடந்தது என்று இப்போது யோசித்தால் நினைவுக்கு வரவில்லை. யாரும் அதை முடித்துவைக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அக்கா வேலையிலிருந்து ஓய்வுபெற்றார். அதற்கு எங்களுக்கு ஒரு விருந்து கொடுக்க வேண்டும் என்று வண்டலூர் மிருகக்காட்சிசாலைக்கு எல்லோரையும் அழைத்தார். மகளும் மருமகனும் பேத்தியும் வந்திருந்தார்கள். வேட்டி சட்டையில் விறைப்பாக ஒரு பெரியவரும் வந்து, எங்களிடமிருந்து கொஞ்சம் தள்ளியே நடந்தார். அக்கா என் காதருகில், "எங்க அண்ணன். குழந்தையைப் பார்க்கணும்னு அவரா கேட்டு வந்திருக்கார்" என்றார்.

யானையிருக்கும் இடம் வரை அந்தப் பெரியவர் அப்படித் தள்ளியே வந்தார். அங்கே குழந்தைக்குக் கால் வலித்தது. யாரையும் கேட்காமல் அவருடைய வேட்டியைப் பிடித்துக்கொண்டு தூக்கச் சொன்னது. அவர் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். மரத்தடியில் தாளை விரித்து நாங்கள் புளியோதரையும் தயிர்சாதமும் பிரித்தபோது, அது அவர் தோளிலேயே தூங்கிப்போயிருந்தது. மருமகன் எழுந்து போய், "குடுங்க மாமா, நீங்க சாப்பிடுங்க" என்று கையை நீட்டினார்.

"இருக்கட்டும், முழிச்சிக்கும்" என்றார் அவர். பிறகு நின்றுகொண்டே, ஒரு கையால் இலையை வாங்கிக்கொண்டார்.