வௌவால் விமானமும் காலி வீடும்

ஆபீசில் எல்லோரும் அவரை ஆணி என்றுதான் கூப்பிடுவோம். கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு விமானம், கப்பல், டாங்கி எல்லாம் செய்து கொடுக்கும் கம்பெனி அது. டைல்ஸ் கடைக்கு மேலே மூன்றாவது மாடி, லிஃப்ட் ஓடாது, பதினாறு பேர். மற்றவர்கள் இறக்கையில் நாலு கோடு இழுத்து முடிக்கிற இடத்தில், அவர் ஒவ்வொரு ஆணியாக உட்கார்ந்து வைப்பார். “ஊரே ஆபீஸ்ல ஆணி புடுங்குது, இந்த மனுஷன் ஒருத்தர்தான் அடிக்கிறார்” என்று மேனேஜர் சொல்லப்போக, பேர் ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அதில் வருத்தமில்லை.

வயது நாற்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை, அம்மாவோடு இருந்தார். வலது கால் கொஞ்சம் குட்டை. நான் அவர் செய்து தரும் விமானங்களுக்கு நிறம் பூசுகிறவள், பக்கத்து நாற்காலி. ஆறு வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

அந்த வருஷம் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. ரேடார் கண்ணில் படாமல் போய்க் குண்டு போட்டுவிட்டுத் திரும்பும் போர் விமானம். வால் கிடையாது, முழுக்க ஒரே இறக்கை, கரிக் கறுப்பு. நாங்கள் அதை வௌவால் என்போம். அதன் வெளியுடம்பில் ஒரு ஆணிகூடத் தெரியக் கூடாது, எல்லாம் வழவழ. “அண்ணனுக்கு இந்தத் தடவை வேலையே இல்ல” என்று சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் வயிற்றில் குண்டு அறை இருந்ததே! கதவு திறக்கும் அந்த மூன்று விநாடி ஆட்டக்காரர்களுக்கு உள்ளே தெரியும் என்பதற்காக, கீல், குழாய், ஒயர், கொக்கி என்று ஏழு மாதம் அதற்குள்ளேயே குடியிருந்தார்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது கேட்டேன். “ஏண்ணே, விமானத்து மேல உங்களுக்கு அப்படி என்ன பைத்தியம்?”

டிபன் பாக்ஸை மூடிவிட்டுச் சொன்னார். “எனக்கு ஒன்பது வயசு. அப்ப நாங்க இருந்த ஊர்ல சண்டை. எங்க தெருவுல குண்டு விழுந்துச்சும்மா. அப்பா போயிட்டாரு. தம்பி போயிட்டான், அவனுக்கு ஆறு. அம்மா கடைக்குப் போயிருந்தாங்க, அக்கா ஸ்கூல்ல இருந்தா. நான் படிக்கட்டுல உட்கார்ந்திருந்தேன், காலோட போச்சு.”

நானும் என் டிபன் பாக்ஸை மூடினேன்.

“எது வந்துச்சு, எப்படி இருந்துச்சுன்னு நான் பார்க்கவே இல்ல. சத்தமே பின்னாடிதான் வந்த மாதிரி ஞாபகம். ஆஸ்பத்திரியில நாலு மாசம் காலைத் தூக்கிக் கட்டிப் போட்டிருந்தாங்க. அப்ப ஆரம்பிச்சது வரையறது. இப்படி இருந்திருக்குமா, அப்படி இருந்திருக்குமான்னு. அப்புறம் கையை விட்டுப் போகல.”

“அம்மாவுக்கு உங்க வேலை தெரியுமா?”

“பாடப் புத்தகத்துக்குப் படம் போடறேன்னு சொல்லியிருக்கேன்.”

வௌவால் போய்ச் சேர்ந்தது. ஆர்டர் கொடுத்தவர்கள் பாராட்டி மெயில் போட்டார்கள். கூடவே ஒரு குறையும் வந்தது. விமானம் உயிரோடு இருக்கிறது, ஆனால் குண்டு விழுந்ததும் கீழே இருக்கிற வீடுகள் தீப்பெட்டி மாதிரி அப்படியே சரிகின்றன, நம்பும்படியாக இல்லை. இதை யார் சரி செய்வது என்று மேனேஜர் கேட்டபோது, நான் அவர் முகத்தைப் பார்க்காமல் மானிட்டரைப் பார்த்துக்கொண்டேன்.

“நான் பண்றேன் சார்” என்றார் ஆணி.

மீட்டிங் முடிந்து வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். “உங்களுக்கு எதுக்குண்ணே இந்த வேலை? வேற யாராவது பண்ணட்டுமே.”

“தப்பா விழுதும்மா” என்றார். “அப்படி விழாது. பார்த்துட்டு சும்மா இருக்க முடியல.”

அவர் செய்த வீட்டில் முதலில் ஜன்னல்கள் வெளியே பிதுங்கின. அப்புறம் தெருப்பக்கச் சுவர் முழுசாக, போர்வையை உருவுகிற மாதிரி இறங்கியது. மேல்தளம் ஒரு பக்கம் சாய்ந்து நின்று, யோசித்து, பிறகு விழுந்தது. புழுதி அடங்கினால் படிக்கட்டு மட்டும் எங்கேயும் போகாமல் நின்றது. உடைந்த குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அறைகளுக்குள் கட்டில், கொடியில் துணி, ஒரு சின்னச் சைக்கிள் எல்லாம் வைத்திருந்தார். சைக்கிளுக்கு அவர் சொன்னபடி நான்தான் பச்சை அடித்தேன். எதற்குப் பச்சை என்று கேட்கவில்லை.

ஆர்டர் கொடுத்தவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரே ஒரு திருத்தம் சொன்னார்கள். உள்ளே ஆள் புழங்கிய அடையாளம் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் பெரியவர்களுக்கு மட்டும் என்று முத்திரை குத்திவிடுவார்கள், விற்காது.

“வீட்டைக் காலி பண்ணிடுங்க, அவ்வளவுதான்” என்றார் மேனேஜர்.

அன்று சாயங்காலத்துக்குள் கட்டிலை எடுத்தார், துணியை எடுத்தார், சைக்கிளையும் எடுத்தார். வீடு வெறும் டப்பாவாக நின்றது. அதைத்தான் நகல் எடுத்து நகர் முழுக்க வைத்தார்கள், நானூறு வீடு.

இரண்டு மாதம் கழித்து அவருடைய அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கட்டு அவிழ்த்து இரண்டு வாரம் ஆனதும் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆணியின் ஸ்கூட்டர் மக்கர் பண்ணியதால் என் காரில் அழைத்துப் போனேன். அம்மா நல்ல குஷியில் இருந்தார். வழியெல்லாம் கடை போர்டுகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். “உன் தலையில இவ்வளவு நரையாடா? இத்தனை நாள் ஏமாத்திட்டியே!” என்று மகனைக் கிண்டல் செய்தார்.

ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தோம். எதிர்ச் சுவரில் டிவி. விளம்பரம் வந்தது. மேகத்துக்கு மேலே வௌவால், வயிற்றுக் கதவு திறக்கிறது, கீழே ஒரு வீடு. நான் ரிமோட்டைத் தேடுவதற்குள் சுவர் இறங்கிவிட்டது.

அம்மா முன்னால் சாய்ந்து பார்த்தார். விளம்பரம் முடிந்து சோப்பு விளம்பரம் வந்த பிறகும் அங்கேயே பார்த்தார்.

“அது நம்ம வீடுதானேடா?”

அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “ஆமாம்மா. நான்தான் பண்ணேன்.”

“உள்ள யாரையும் காணோமே.”

“யாரும் இல்லம்மா. காலி வீடு.”

“மேலேர்ந்து போடறது யாரு?”

“விளையாடறவங்க.”

“விளையாட்டா?” என்றார் அம்மா. கோபமாகக் கேட்கவில்லை. சரியாகக் காதில் விழாதவர் கேட்பது போலக் கேட்டார். அதற்குள் எங்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள். அம்மாவின் கையை மகன் பிடிக்கப் போனபோது, “நானே வரேன்” என்று எழுந்து போனார்.

திட்டித் தீர்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மா திட்டவில்லை. சமைத்தார், பரிமாறினார், பேசவில்லை. மூன்று வாரம் பார்த்துவிட்டு அக்கா வந்து தன் ஊருக்கு அழைத்துப் போய்விட்டாள். “கொஞ்ச நாள் இருக்கட்டும்டா, தானா சரியாயிடும்” என்றாளாம். அம்மா துணிமணியோடு சுவரில் இருந்த அப்பா படத்தையும் எடுத்துப்போனபோதே, இனித் திரும்பி வரமாட்டார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

மேனேஜரிடம் போய் அந்த வீட்டை மாற்றித் தரவா என்று கேட்டார். “எதை மாத்துவீங்க? வித்தாச்சு ஆணி. லட்சக்கணக்கான வீட்டுல ஓடிட்டிருக்கு” என்றார் மேனேஜர். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னார். ஆணி வேறு கம்பெனிகளுக்கு வேலை கேட்டு எழுதிப் போட்டார். கூப்பிட்ட இரண்டு இடத்திலும் அந்தப் படிக்கட்டைப் பற்றித்தான் ஆசையாகக் கேட்டார்களாம். எழுந்து வந்துவிட்டார்.

அதற்கப்புறம்தான், அதுவரை எந்த விளையாட்டையும் தொடாத மனுஷன், மத்தியான இடைவேளையில் விளையாட உட்கார்ந்தார். வௌவாலைக் கிளப்புவார். ரேடாருக்குத் தப்பி நகருக்கு மேலே கொண்டுவருவார். குண்டு போடாமல் வீடுகளுக்கு மேலே சுற்றிக்கொண்டே இருப்பார். எரிபொருள் தீரும், திரையில் ‘பணி தோல்வி’ என்று வரும், விமானம் தானாக மறுபடி ஓடுபாதையில் வந்து நிற்கும். மறுபடி கிளப்புவார்.

“குண்டு போடாம முடிக்க வழியே இல்லையாண்ணே?”

“இல்லம்மா. எழுதினவன் வைக்கல.”

அடுத்த வருஷம் அம்மா அக்கா வீட்டிலேயே இறந்துபோனார். கடைசி நாட்களில் இவர் பேரைச் சொன்னாரா என்று அக்காவிடம் கேட்டாராம். அக்கா காபி போடப் போய்விட்டாள். காரியம் முடிந்து அவர் வேலைக்குத் திரும்பிய அன்று, மேஜையில் அடுத்த பாகத்துக்கான பட்டியல் இருந்தது. பாலம், சந்தை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. எல்லாம் விழ வேண்டும், எதற்குள்ளும் ஆள் கூடாது. கொஞ்ச நேரம் கையில் வைத்துப் படித்தார். அப்புறம் பாலத்தில் ஆரம்பித்தார்.

நான் அந்த மாதமே வேலையை விட்டேன். போன வாரம் போன் செய்தேன். கால் வலி கூடியிருக்கிறது, லிஃப்ட் இன்னும் ஓடவில்லை என்றார்.

“என்ன வேலைண்ணே போயிட்டிருக்கு?”

“ஆஸ்பத்திரிம்மா. ரெண்டாவது மாடி வரைக்கும் வந்துட்டேன்” என்றார். சரி, வைக்கிறேன் என்று வைத்துவிட்டார்.