ஒரு பக்கம் மட்டும் போட்ட தடுப்பு

என் தம்பி ஜெகின் கணக்கில் கெட்டிக்காரன் என்று சொன்னால், எல்லா அண்ணன்மாரும் சொல்வதுதானே என்பார்கள். அதனால் வேறொன்று சொல்கிறேன். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் வாத்தியார் தவறாகக் கூட்டி அவனுக்கு மதிப்பெண்ணை ஏற்றிப் போட்டுவிட்டார். அவன் விடைத்தாளைக் கொண்டுபோய்க் குறைத்துக்கொண்டு வந்தான். "கூட்டுன வாத்தியாருக்கு இல்லாத கவலை ஒனக்கு எதுக்குலேய்?" என்று அம்மா சத்தம் போட்டாள். "தப்பு அங்கயே கெடந்தா எனக்கு உறக்கம் வராது" என்றான்.

நான் ஐ.டி.ஐ. முடித்து சவுதியில் ஜுபைலுக்கு வந்தவன். பெட்ரோகெமிக்கல் ஆலையில் சாம்பிள் எடுக்கும் வேலை. ஜெகின் எஞ்சினியரிங் படித்து துபாயில், தேராவில் உள்ள ஒரு கம்பெனியில் சேர்ந்தான். விஷவாயுவை அளக்கும் பெட்டிகளைச் செய்து விற்கும் கம்பெனி அது. பெட்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. அதன் அடித்தள நிரலான கெர்னலில், அளவை வாங்கித் திரைக்கு அனுப்பும் பகுதி முழுக்க ஜெகின் எழுதியது. அந்தப் பெட்டியை எங்கள் ஆலையிலேயே கொண்டுவந்து மாட்டினபோது கேம்ப்பில் நான் சொல்லாத ஆள் இல்லை.

"பெட்டி மேல தம்பி ஃபோட்டோ ஒட்டலியா மரியா?" என்று என்னைக் கேட்டார் ஜாபர் சாதிக். கீழக்கரைக்காரர். என் ரூமில் பக்கத்துக் கட்டில். கண்ட்ரோல் ரூமில் திரை பார்க்கும் டூட்டி அவருக்கு.

சென்ற கோடையில் ஒரு கழிவுநீர்க் குழிக்குள் ஆள் இறங்க வேண்டியிருந்தது. குழியின் வாயில் கைமீட்டர் வைத்துப் பார்த்தார்கள், அங்கே ஒன்றும் இல்லை. அடியில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்வது பெட்டிதான். ரேடியோவில் கேட்டார்கள். ஜாபர் பாய் திரையைப் பார்த்து "ஜீரோ" என்றார். இறங்கியவர் அடியைத் தொடும் முன்பே மயங்கினார். இடுப்பில் கயிறு இருந்ததால் இழுத்து எடுத்தார்கள். பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார்.

விசாரணையில் பெட்டியின் பதிவை எடுத்தார்கள். அதே நிமிடத்தில் வாயு அபாய அளவைத் தாண்டியிருந்தது. ஆகவே ஜாபர் சாதிக் திரையைப் பார்க்காமலே சொன்னார், அலாரத்தையும் அமர்த்தி வைத்திருந்தார் என்று முடிவு செய்தார்கள். டூட்டியிலிருந்து நிறுத்தினார்கள். விசாவை முடித்து, ஃபைனல் எக்ஸிட் அடித்து ஊருக்கு அனுப்பப்போவதாகப் பேச்சு.

"அல்லா அறிய நான் பாத்தேன் மரியா. ஜீரோதான் இருந்துச்சு. அலாரமும் அடிக்கல" என்றார். அதையே தினமும் சொன்னார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஜெகினுக்கு ஃபோன் செய்தேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"பதிவுல அளவு கூடியிருக்கு. திரையில பழசு. அப்படித்தானே அண்ணே?"

"அப்படித்தான் அவரு சொல்லுகாரு."

"அவரு சொல்லுகது உண்மையா இருந்தா, தப்பு எனக்க பக்கமாக்கும்" என்று வைத்துவிட்டான்.

தேராவில் அதே மாதிரிப் பெட்டி ஒன்றை மேசையில் வைத்து ஓடவிட்டான். ஒன்றும் நடக்கவில்லை. கோளாறைப் பிடிக்க நிரலில் அங்கங்கே ஒரு வரி அச்சிடச் சொன்னான். அப்போதும் வரவில்லை. அந்த வரிகளை எடுத்துவிட்டு ஓடவிட்டான். ஒரே ஒரு முறை, திரை புது நேரத்தையும் பழைய அளவையும் சேர்த்துக் காட்டியது.

அவனுடைய மேனேஜர் ஸ்ரீகாந்த் கெட்ட மனிதர் அல்ல. ஜெகினை வேலைக்கு எடுத்தவரே அவர்தான். "ப்ரிண்ட் போட்டா வரலைன்னா அதை அப்படியே விட்டுடுப்பா. கலாஸ், முடிஞ்சுது" என்றாராம்.

"வராம இல்ல சார். ப்ரிண்ட் வேகத்தக் கொறைக்குது, அதனால ஒளிஞ்சு கெடக்கு" என்றானாம் இவன்.

காரணம் பிடிபட்ட அன்று ஃபோன் செய்தான். நான் ரூமுக்கு வெளியே வந்து பேசினேன்.

"அண்ணே, சாம்பிள் பாட்டில தட்டுல வச்சிட்டு நீங்க என்ன செய்வீய?"

"புதுசு வச்சாச்சுன்னு அட்டையப் பச்சைக்குத் திருப்புவேன். லேப்காரன் அதப் பாத்துத்தான் எடுப்பான்."

"முதல்ல அட்டையத் திருப்பிட்டு, பொறவு பாட்டில வச்சா?"

"பழைய பாட்டில எடுத்திட்டுப் போயிருவான். எந்த மடையன் அப்படிச் செய்வான்?"

"சிப்பு செய்யும். பழைய பெட்டியில இருந்த சிப்பு, எழுதின வரிசையிலதான் மத்த ப்ராசஸருக்குக் காட்டும். புதுசுல நாலு ப்ராசஸர். வேகத்துக்காக வரிசைய மாத்திப் போட்டுரும். அதத் தடுக்கத்தான் நடுவுல மெமரி பேரியர்னு ஒரு தடுப்பு போடணும். முன்னாடி உள்ளது தெரிஞ்ச பொறவுதான் அடுத்தது தெரியலாம்னு."

"நீ போடலியா?"

"எழுதுற பக்கம் போட்டேன். திரைக்காக வாசிக்கிற பக்கம் போடல." அவன் குரல் இறங்கியது. "லேப்காரனுக்கு அவசரம். அட்டையப் பாக்கதுக்கு முந்தியே பாட்டில எடுத்துக் கையில வச்சுக்கிடுகான். அதுக்குள்ள நீங்க புதுசு வச்சு அட்டையத் திருப்புதீய. அவன் அட்டையப் பாத்தா பச்சை. ஆனா கையில இருக்கது பழசு. நீங்க எவ்வளவு ஒழுங்கா வச்சும் என்ன? ரெண்டு பக்கமும் தடுப்பு வேணும் அண்ணே. ஒரு பக்கம் போட்டுட்டு நான் முடிஞ்சுதுன்னு நெனச்சேன்."

அலாரமும் அதே பழைய அளவைப் பார்த்துத்தான் சும்மா இருந்திருக்கிறது. பெட்டி அடுத்த அளவை எடுப்பதற்குள் ஆள் இறங்கி மயங்கிவிட்டார்.

சரிசெய்ய ஒரு வரி போதும். அதை வழக்கமான அப்டேட் என்று அனுப்பிவிடலாம் என்றார் ஸ்ரீகாந்த். "பழசைப் பத்தி ஆலைக்கு எதுக்கு எழுதணும்? கான்ட்ராக்ட் போயிடும். உன் விசாவும்தான். வீட்ல ஜோஸ்மி இருக்கிற நிலைமையை யோசிச்சுக்கோ" என்றாராம். ஜெகினின் மனைவி ஜோஸ்மிக்கு அப்போது ஏழு மாதம். அவள் விசா, பிரசவத்துக்கான இன்சூரன்ஸ் எல்லாம் இவன் வேலையில் தொங்கிக்கொண்டிருந்தன.

"நான் என்ன செய்யணும் அண்ணே?" என்று கேட்டான். அவன் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை.

கதவு பாதி திறந்திருந்தது. ஜாபர் பாய் கட்டிலில் உட்கார்ந்து சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பாய் இப்ப எங்க?" என்றான் ஜெகின்.

"உள்ளதான். பெட்டி கட்டுகாரு."

"சரி" என்றான். அன்றே ஆலைக்கு எழுதிவிட்டான். கோளாறு எது, எப்படி வரும், அந்த நிமிடத்தில் திரையில் பூஜ்யம் இருந்திருக்க முடியும் என்று எழுதி, கீழே தன் பெயரையும் போட்டிருந்தான்.

ஃபைனல் எக்ஸிட்டை நிறுத்தினார்கள். ஜாபர் பாய் டூட்டிக்குத் திரும்பினார். ஜெகினுக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள். வேலை தேடுகிறான். எங்கள் ஆலைப் பெட்டிகளில் அந்த ஒரு வரி ஏறிவிட்டது. மற்ற ஊர்களில், ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் அடுத்த ஷட்டவுனில்தான் ஏற்றுவார்களாம். வீடியோ காலில் அதைச் சொல்லும்போதெல்லாம் அவனுக்கு முகம் கறுத்துவிடுகிறது. ஜோஸ்மியைப் பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்பியாயிற்று.

அவள் போன மறுவாரம் ஜெகின் ஜாபர் பாயிடம் பேச வேண்டும் என்றான். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அவர் கையில் கொடுத்தேன்.

"பாய், எனக்க தப்பாக்கும். மன்னிக்கணும்."



"தம்பி, நான் பாத்தேனா, பாக்காமலே சொல்லிட்டேனான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. கடைசில பாக்கலன்னே நெனச்சுட்டேன். நீங்க சொல்லித்தான் நான் பாத்தது எனக்குத் தெரியும்" என்றார்.

இப்போதும் அவர் திரையை ஒருமுறை பார்த்துச் சொல்வதில்லை. அடுத்த அளவு வரும்வரை ரேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். எதிர்முனையில் "ஜல்தி பாய், ஜல்தி" என்று கத்துவார்கள். கத்தட்டும் என்று இருப்பார்.