செசிலியின் பின்விளக்கு

புறப்படுவதற்கு முன் றொபின்சன் கடைசியாகக் கேட்ட கேள்வியும் அதுதான்.

"எரியுதா?"

"எரியுதுங்க."

"ரெண்டுமா?"

"ரெண்டுந்தான்."

உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் அது. கட்டாருக்கு வேலைக்குப் போகிற மனிதரின் பெட்டி வேனில் ஏறிவிட்டது. அவர் மட்டும் தேயிலைத் தோட்டத்து லயத்து முற்றத்தில் நின்ற பழைய மாருதிக்குள் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார். கணவர் மிதிக்க, வண்டியின் பின்னால் நின்று பதில் சொல்வது கலியாணமான காலத்திலிருந்து செசிலியின் வேலை. பிரேக் விளக்கை ஓட்டுகிறவரே பார்க்க முடியாது அல்லவா? பிறகு அவர் இறங்கி வந்து சாவியை அவள் கையில் வைத்தார். பதுளையில் பழைய உதிரிப்பாகம் விற்கும் இத்ரூஸ் வருவார், வண்டியைக் கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

இத்ரூஸ் வந்தார். செசிலி அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்தாள், பணிஸ் கொடுத்தாள், சாவியைக் கொடுக்கவில்லை. அவளுக்கு லைசன்ஸ் எடுத்துக் கொடுத்தவர் றொபின்சன்தான். சபையில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதற்காக. அவள் அதை நிஜமாகவே பயன்படுத்துவாள் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

இப்போது ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து பதுளைக்கு வாடகைக்கு ஹயர் ஓடுகிற ஒரே பெண் அவள். கிளினிக்குக்குப் போகிற கர்ப்பிணிகளும், முட்டிவலிக்கு மருந்து எடுக்கிறவர்களும் அவளையே தேடுகிறார்கள். மற்ற டிரைவர்கள் காலையில் டயரை உதைத்துப் பார்ப்பார்கள், பொனட்டைத் திறப்பார்கள். செசிலி நேராகப் பின்பக்கம் போய்விடுவாள். விளக்கின் சிவப்பு மூடியைக் கழற்றும்போது திருகாணிகளை உதட்டுக்கு நடுவே கவ்விக்கொள்வாள். அந்நேரம் யார் என்ன கேட்டாலும் தலையாட்டல்தான். பல்ப் உட்காருகிற இடத்தில் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் தீப்பெட்டியின் உரசுகிற பக்கத்தைக் கிழித்துத் தேய்ப்பாள். ஓரத்து ரப்பர் வயதாகி இறுகிவிட்டதால் மழைத்தண்ணீர் உள்ளே போகும். அது வடிவதற்கு மூடியின் அடியில் ஊசியைச் சுட வைத்து ஒரு துளை போட்டிருக்கிறாள். வெடித்த இடத்தில், பதுளை விடுதியில் தங்கிப் படிக்கும் மகளின் சிவப்பு நகப்பூச்சு.

"முன்னால பாத்து ஓட்டு தாயி. பின்னால பாத்தே ஒன் பொழுது போகுது" என்பாள் ரெங்கம்மா. பக்கத்து வீட்டுக்காரி, கொழுந்து பறிக்கப் பெரட்டுக்குப் போவதை நிறுத்தி ஓய்வுபெற்றவள், முன் ஸீட்டு நிரந்தரமாக அவளுக்கு.

செசிலி சிரிப்பாள். அந்த வளைவுகளில் பனி இறங்கிவிட்டால் பின்னால் வருகிறவனுக்குப் பாதை கிடையாது. முன்னால் போகிற வண்டியின் சிவப்புதான் பாதை. அதை அவள் அறிந்தது ஒரு மோசமான நாளில்.

ஓட்டத் தொடங்கிய புதிதில் ஒரு பல்ப் போய்விட்டது. பனிக்கு நன்றாக எரியட்டும் என்று இரண்டு பக்கமும் புதிதாகவே மாற்றினாள். அந்தப் பல்புக்குள் இரண்டு இழைகள்: மெல்லியது எப்போதும் எரிவதற்கு, பெரியது பிரேக்குக்கு. அதன் பக்கவாட்டில் நீட்டிய காதுகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது, ஒரு விதமாகத்தான் உள்ளே போகும். தேய்ந்துபோன ஹோல்டரில் அவள் அழுத்திய அழுத்தத்தில் இரண்டு பல்புமே தலைமாறிப் போய் உட்கார்ந்தன. ரெங்கம்மாவைப் பின்னால் நிறுத்தி, எரியுதா என்று கேட்டாள்.

"ஜெகஜோதியா எரியுது தாயி."

பொய்யில்லை, எரிந்தது பிரேக்குக்கான பெரிய இழை. செசிலி இன்னும் பிரேக்கை மிதிக்கவே இல்லை என்பதை மட்டும் இருவரும் யோசிக்கவில்லை.

அன்று மாலை பனிக்குள் ஒரு மாடு குறுக்கே வர, அவள் நிறுத்தினாள். பின்னால் வந்த பஸ் விளக்கு மூடியின் நகப்பூச்சைத் தொடுகிற தூரத்தில் அலறி நின்றது. டிரைவர் துஷாந்த் இறங்கி வந்தான். திட்டவில்லை, அவளுடைய பின்விளக்கைக் காட்டினான்.

"அக்கா, நீங்க பிரேக் போட்டாலும் போடாட்டியும் ஒரே மாதிரித்தான் எரியுது. போறீங்களா நிக்கிறீங்களான்னு எப்புடித் தெரியும்? வண்டி நெறைய ஸ்கூல் புள்ளைங்க இருக்கு அக்கா."

அவள் வீடு சேருவதற்குள் செய்தி கட்டாருக்குப் போய்விட்டது. றொபின்சன் போனில் கத்தவில்லை. "பின்னால நிக்கத்தான் ஒனக்குத் தெரியும். வித்துடு" என்றார். அதன் பிறகு அவர் மகளோடு மட்டும் பேசினார். இத்ரூஸும் இன்னொரு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

செசிலி பல்புகளைக் கழற்றிச் சரியாகப் போட்டாள். பிறகு கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து ஒரு தேயிலைக் கட்டையைப் பொறுக்கி வந்து அளவாக அறுத்தாள். ஸீட்டுக்கும் பிரேக்குக்கும் நடுவே அதை முட்டுக் கொடுத்தால் ஓர் ஆள் காலால் மிதிப்பது போலத்தான். கட்டையை வைத்துவிட்டு அவளே பின்னால் போய் நிற்பாள். நின்று, போனில் சின்னதாக ஒரு வீடியோ எடுத்து றொபின்சனுக்கு அனுப்புவாள். ஒரு சொல்லும் எழுதுவதில்லை. மழையானாலும், ஞாயிறு பூசைக்குப் போகிற நாளானாலும், முதல் வேலை அதுதான். அவர் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகள் விழும். வேறு எதுவும் வராது.

"செவுருக்கிட்ட பேசிக்கிட்டிருக்க" என்றாள் ரெங்கம்மா ஒருமுறை.

"செவுரு பாக்குதில்ல" என்றாள் செசிலி.

கிறிஸ்மஸ் வந்து போனது. இன்னோர் உயிர்த்த ஞாயிறும் போனது. ஐப்பசி மழை பிடித்த ஒரு காலையில், ரெங்கம்மா மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு முன் ஸீட்டில் காத்திருக்க, அன்றைய வீடியோவை அனுப்பிய செசிலியின் கையில் போன் ஒரு முறை அதிர்ந்தது.

'இடது பக்கம் மங்கல். தண்ணி போயிருக்கும். கழட்டிப் பாத்துட்டு மறுபடி எடுத்து அனுப்பு.'

ரெங்கம்மா கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

"யாரு தாயி? என்னவாம்?"

செசிலி ஏற்கெனவே ஈரத்தரையில் குந்தியிருந்தாள். இடது மூடியின் திருகாணிகள் இரண்டும் அவள் உதட்டுக்கு நடுவே இருந்தன. அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.