ஒடுங்கிய படகில் பால் காய்ச்சிய அன்று

காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்குப் பால் பொங்கியது. அம்மா பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த நேரமும் அதுதான். எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியதும் அந்த நிமிடத்தில்தான். ஆனால் நாங்கள் அப்போது கைதட்டிக்கொண்டிருந்தோம்.

எனக்கு ஒன்பது வயது. பாரிஸில் லாசப்பல் பகுதியில், ரயில் தண்டவாளங்களைப் பார்த்த ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா, நான்கு மாதங்களுக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்துசேர்ந்த மாமி. மாமாவுக்கும் மாமிக்கும் வரவேற்பறையின் பாதியைத் திரைச்சீலை கட்டிப் பிரித்துக் கொடுத்திருந்தோம். அம்மா நல்ல தடித்த சீலையாகத்தான் வாங்கியிருந்தாள். ஆனாலும் மாமா படகு வாங்கினார்.

அது பாரிஸில் எல்லோரும் பார்க்கிற அகன்ற பெனிஷ் படகு அல்ல. இங்கிலாந்தில் ஒடுங்கிய கால்வாய்களுக்கென்றே செய்கிற இரும்புப் படகு. யாரோ ஓர் ஆங்கிலேயர் அதை லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து, இரண்டு கோடைகாலம் ஓட்டிவிட்டு, முழங்கால் வலியால் விற்றுவிட்டுப் போனார். நீளம் பதின்மூன்று மீற்றர். அகலம், மாமா நடுவில் நின்று கைகளை விரித்தால் விரல்நுனிகள் இரண்டு சுவர்களையும் கிட்டத்தட்டத் தொடும். லாசப்பலிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், சென்-டெனி கால்வாயில் அது கட்டிக் கிடந்தது.

"கடல் தாண்டி வந்தது திரும்பத் தண்ணிக்கை இருக்கவோடா?" என்றாள் அம்மா.

"அக்கா, இது கடல் இல்லை. நிக்கிற தண்ணி."

"நிக்கிற தண்ணியிலைதான் கடிக்கிற நுளம்பு பெருகும்."

"எங்கடை கதவை நாங்கள் பூட்டிப்போட்டு இருக்கோணும் அக்கா," என்றார் மாமா. திரைச்சீலை இருக்கும்போது கதவு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா மட்டும் அதற்குப் பிறகு நுளம்பைப் பற்றிப் பேசவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். பால் காய்ச்சி முறையாகக் குடிபூரல் செய்யவேண்டும். எல்லாம் நல்லபடியாக நடந்தால்தான் மாமியை அனுப்புவாள்.

மாமா கட்டடங்களுக்குப் பெயின்ற் அடிக்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் முன்பு அவரோடு ஒரே அறையில் இருந்த மூன்று நண்பர்களும் படகில் கிடந்தார்கள். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிவைத்து, கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டி, அடிப்பாகத்துக்குக் கறுப்புத் தார் பூசினார்கள். தரைப் பலகைகளைக் கழற்றியபோது கீழே ஒரு பள்ளம் இருந்தது. படகு ஆடாமல் நிற்பதற்காக அதற்குள் சீமெந்துக் கற்களை அடுக்கியிருந்தார்கள். கற்களுக்கிடையில் தேங்கும் தண்ணீரை இறைக்க ஒரு கைப்பம்பும் இருந்தது. மாமா சுவர்களுக்குப் பலகை அடித்து, கட்டிலுக்குக் கீழே இழுப்பறைகள் செய்தார். மாமி அளவெடுத்து யன்னல்களுக்குச் சீலை தைத்தாள். வட்ட யன்னலுக்குச் சதுரச் சீலை.

ஒருநாள் எல்லோருமாக, தண்ணீரை வடித்துப் படகைக் கால்வாயின் தாழ்ந்த பகுதிக்கு இறக்கும் ஒரு மடைக்கதவு வரை ஓட்டிப்போனோம். தண்ணீர் இறங்க இறங்கக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும். நான் கூரையில் குந்தியிருந்து மட்டன் ரோல் தின்றபடி, கரையில் நடப்பவர்களின் கால்கள் என் தலைக்கு மேலே உயர்ந்துபோவதைப் பார்த்தேன். மாமாவின் நண்பர் ஒருவர், "மச்சான், இனி வீடு மாறுறதெண்டா கயிறை அவிட்டாக் காணும்," என்றார். அன்று சிரித்த அளவுக்கு அம்மா பாரிஸில் சிரித்து நான் பார்த்ததில்லை.

பக்கத்துப் படகில் ஒரு பிரெஞ்சுப் பெண் தனியாக வசித்தாள். வயது ஐம்பதுக்கு மேல். எந்நேரமும் கையில் எண்ணெய்க் கறை இருக்கும். அம்மா அவளுக்குக் கிறீஸ் மதாம் என்று பெயர் வைத்திருந்தாள். மாமாவுக்குக் கருவிகள் இரவல் கொடுப்பாள், அவர் ஆணி அடிக்கும் விதத்தைப் பார்த்துப் பரிகாசமும் செய்வாள். மாமாவுக்குப் பிரெஞ்சு போதாது. அதனால் நடுவில் நான்.

நான் அந்த வயதிலேயே அனுபவப்பட்ட மொழிபெயர்ப்பாளர். தபாற்கந்தோர், வைத்தியர், பள்ளிக்கூடம் எங்கும் நான்தான். அப்பாவுக்குப் பிரெஞ்சு பேச வரும். ஆனால் அவர் வாய் திறந்தால் எனக்கு வெட்கமாக இருக்கும். ஒவ்வொரு சொல்லும் அவருடைய நாக்கில் பட்டு யாழ்ப்பாணம் போய்த் திரும்பி வரும். அதனால் நான் முந்திக்கொள்வேன். பெரியவர்கள் நீளமான மொழிபெயர்ப்பை விரும்புவதில்லை என்பதையும் கண்டுபிடித்திருந்தேன். வைத்தியர் பத்து நிமிடம் பேசுவார். நான், "மருந்தை ஒழுங்காக் குடிக்கட்டாம்," என்பேன். "கெட்டிக்காரி," என்பார்கள்.

குடிபூரலுக்கு மூன்று வாரத்துக்கு முன் கிறீஸ் மதாம் மாமாவையும் என்னையும் அடுப்புக்கு முன்னால் நிறுத்திவைத்துப் பேசினாள். இந்தக் காஸ் காற்றைவிடப் பாரமானது. வீட்டில் போல வெளியே போகாது, தண்ணீரைப் போலக் கீழே இறங்கித் தரைக்கடியில் உள்ள பள்ளத்தில் தேங்கும். இந்த அடுப்புப் பழையது, சுவாலை அணைந்தாலும் காஸ் தானாக நிற்காது. சமைக்கும்போது கண்ணை எடுக்கக்கூடாது. முடிந்ததும் முன்தளத்தில் உள்ள சிலிண்டரையே பூட்டவேண்டும். ஒவ்வொன்றாகச் சொல்லி, நடுநடுவே "விளங்குகிறதா?" என்று கேட்டாள். "வீ, மதாம்," என்று ஆமாம் போட்டேன். உண்மையில் எனக்கு எல்லாம் விளங்கியது. ஆனால் கூரையில் நண்பர்கள் கடைசி ரோல்களைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"என்னவாம்?" என்றார் மாமா.

"காஸைக் கவனமாப் பாவிக்கட்டாம்."

"இதுக்கே இவ்வளவு நேரம்?" என்று சிரித்தார். நான் கூரைக்கு ஓடினேன்.

இதை எழுதுவது பல வருடங்களுக்குப் பிறகு. போன சனிக்கிழமை என் மகள் தோழிகளுடன் லா வில்லெத்தில் ஒரு சின்னப் படகை வாடகைக்கு எடுத்து, கேக்கில் மெழுகுதிரி ஏற்றிப் படம் அனுப்பினாள். நான்கு தடவை அழைத்தேன், எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை, "அம்மா, இது பற்றறிப் படகு," என்று பிரெஞ்சில் அலுத்துக்கொண்டாள். அவளிடம் இந்தக் கதையை நான் சொன்னதில்லை.

குடிபூரல் அன்று அப்பாவுக்குக் காலை வேலை. ஒரு ஹோட்டல் சமையலறையில் இருந்தார், மத்தியானம்தான் வருவார். அம்மா நிறைகுடம் வைத்தாள். இடம் போதாததால் குத்துவிளக்கைத் தரையில், கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில் வைத்து ஏற்றினாள். மாமி புதுப்பானையில் பாலை ஊற்றினாள்.

சரியாகப் பால் நுரைத்து எழும்பும் நேரத்தில் மணல் ஏற்றிய பெரிய பெனிஷ் ஒன்று எங்களைக் கடந்துபோனது. அதன் அலை அடித்ததில் எங்கள் படகு ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தது. பால் நான்கு பக்கமும் பாய்ந்து வழிந்தது. வழக்கமாகப் பால் கிழக்கே வழிந்ததா, வடக்கே வழிந்ததா என்று பார்த்துப் பலன் சொல்வார்கள். இங்கே எல்லாத் திக்கும் பால்.

"பாத்தியே, நாலு பக்கமும் பொங்கிப்போட்டுது! உனக்கு இனி ஒரு குறையும் இல்லை," என்று அம்மா மாமியைக் கட்டிக்கொண்டாள். கைதட்டினோம். சுவாலையைப் பால் அணைத்துவிட்டதை யாரும் பார்க்கவில்லை. மாமா பானையைத் துணியால் பிடித்து இறக்கினார். அடுப்பை அக்கா பூட்டியிருப்பாள் என்று அவர் நினைத்தார். தம்பி பூட்டியிருப்பான் என்று அம்மா நினைத்தாள்.

அதே அலையில் குத்துவிளக்கும் நூர்ந்துபோயிருந்தது. எண்ணெய் பலகையில் சிந்தித் திரியில் பால் தெறித்திருந்தது. அம்மாவின் முகம் மாறியது. பலகையைத் துடைத்து, விளக்கை மினுக்கி, புதுத்திரிக்குப் பஞ்சு தேடுவதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. அதற்கிடையில் ஆளுக்கொரு வாய் பால் குடித்தோம். விளக்குத் திரும்ப எரியும்வரை சாப்பாடு இல்லை என்று அம்மா சொல்லிவிட்டாள்.

"ஏதோ அழுகின கோவா இலை மணக்குது," என்றாள் மாமி.

"பெயின்ற் மணம்," என்றார் ஒரு நண்பர். இன்னொருவர் கண்ணைச் சிமிட்டி, "தங்கச்சிக்கு மணம் ஒத்துக்கொள்ளேல்லையெண்டா, ஏதும் விசேஷமோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாமி வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தாள். அதன் பிறகு மணத்தைப் பற்றி அவள் பேசவில்லை. அந்தப் படகில் மூக்குச் சரியாக இருந்தது அவளுக்கு மட்டும்தான்.

"பிள்ளை கொளுத்தட்டும்," என்றாள் அம்மா. நான் விளக்குக்கு முன் முழங்காலில் இருந்தேன். நெருப்புப்பெட்டி படகுத் தட்டிலேயே கிடந்தது, பால் தெறித்து ஈரம் ஊறியிருந்தது. முதல் குச்சியின் தலை உதிர்ந்தது. இரண்டாவதும் உரசிய இடத்திலேயே பசைபோல் அப்பிக்கொண்டது.

"ஒரு நெருப்புக்குச்சி உரசத் தெரியாது. பிரெஞ்சுப் பிள்ளை," என்று நண்பர் நக்கலடித்தார். எனக்கு ரோசம் வந்தது. மூன்றாவது குச்சியை எடுத்தேன்.

வாசலில் கிறீஸ் மதாம் நின்றாள். புதுவீட்டுப் பரிசாக ஒரு பூச்சாடி கொண்டுவந்திருந்தாள். அவளுடைய மூக்கு ஒருதரம் விரிந்ததைக் கண்டேன். அடுத்த கணம் சாடி விழுந்து உடைந்தது. ஒரே பாய்ச்சலில் உள்ளே வந்து என் கையிலிருந்த பெட்டியைப் பறித்தாள். "வெளியே! எல்லோரும் வெளியே!" என்று கத்தினாள். என்னைக் கையில் பிடித்து இழுத்துக் கரையில் எறிந்தாள் என்றே சொல்லவேண்டும். பெட்டி கால்வாயில் விழுந்தது. அவள் கூரைமேல் ஏறி ஓடி முன்தளத்தில் சிலிண்டரைப் பூட்டினாள். பிறகு தன் படகிலிருந்து தீயணைப்புப் படையை அழைத்தாள்.

"விசரி! விளக்கேத்த விடாமல் பிள்ளையை இழுத்து எறியிறாள்," என்று அம்மா திட்டினாள். பட்டுச்சேலை முழங்கால்வரை எண்ணெய்.

தீயணைப்பு வீரர்கள் வந்து தரைப் பலகையைத் தூக்கி, காஸைக் கண்டுபிடிக்கும், கம்பி வைத்த ஒரு கருவியைக் கீழே விட்டார்கள். அது நிற்காமல் அலறியது. அந்தச் சத்தத்தில்தான் என்ன நடந்திருக்கும் என்று அம்மாவுக்கு விளங்கியது. அவர்கள் எங்களை இன்னும் தூரம் போகச் சொல்லி, எல்லா யன்னல்களையும் திறந்து, காற்றடிக்கும் இயந்திரத்தை வைத்தார்கள்.

அப்போது கிறீஸ் மதாம் மாமாவிடம் வந்தாள். அவள் முகம் வெளிறியிருந்தது. "இதையெல்லாம் நான் உனக்கு மூன்று வாரத்துக்கு முன்பே சொன்னேன். ஒன்றும் விடாமல் சொன்னேன். இந்தப் பிள்ளையை வைத்துச் சொன்னேன்," என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "என்னவாம்?" என்றாள் அம்மா.

"மாமா கவனமில்லையாம்," என்றேன்.

மாமா தலையைக் குனிந்தார். "பார்தோன், மதாம்," என்றார். மன்னிப்புக் கேட்கிற அது, அவருக்குத் தெரிந்த சில பிரெஞ்சுச் சொற்களில் ஒன்று. அம்மா அவர்மேல் பாய்ந்தாள். "சொல்லியிருக்கிறாள்தானே! கேட்டுக்கொண்டு நிண்டிட்டு விட்டிட்டியே! இந்த இரும்புப் பெட்டிக்கை ஒரு பெட்டையைக் கொண்டுவந்து வைக்கப் போனியே?" நண்பர்கள் தங்கள் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமி தான் தைத்த யன்னல்சீலைகள் காற்றில் வெளியே அடிபடுவதைப் பார்த்தபடி நின்றாள்.

"விக்கிறன் அக்கா. அழாதை. வித்துப்போடுறன்," என்றார் மாமா.

நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

பன்னிரண்டரைக்கு அப்பா வந்தார். சமையலறைக் காற்சட்டையோடு, கையில் ஒரு பெட்டி கேக்கோடு வந்தார். தீயணைப்பு வண்டியைக் கண்டு ஓடத் தொடங்கி, எங்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்து நின்றார். அம்மா சொன்னாள், மாமா சொன்னார், நண்பர்கள் சொன்னார்கள். அவர் எல்லோரையும் விட்டுக் கிறீஸ் மதாமிடம் போனார்.

அவள் தொடக்கத்திலிருந்து சொன்னாள். பாரமான காஸ், பழைய அடுப்பு, பூட்டவேண்டிய சிலிண்டர், மூன்று வாரத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, "வீ, மதாம்" என்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிய பிள்ளை. அப்பா இடைமறிக்காமல் கேட்டார். கடைசியில் அவருடைய அந்த உச்சரிப்பில், "இந்தச் சின்னவளிடமா?" என்று மட்டும் கேட்டார். அவள் ஆம் என்றாள். அப்பா என்னிடம் வந்தார். என் வலது கை இன்னும் பொத்தியபடியே இருந்தது எனக்கே தெரியாது. அவர் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, உள்ளே இருந்த நெருப்புக்குச்சியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"என்னவாம் இவ்வளவு நேரம்?" என்றாள் அம்மா.

"ஒருத்தரிலையும் பிழை இல்லையாம்," என்றார் அப்பா. "அடுப்புத்தான் பழசாம். அதை மாத்தினாக் காணுமாம். மச்சான், நாளைக்கு நானும் வாறன், ரெண்டு பேருமாப் போய்ப் புதுசு பாப்பம்."

மாமி முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

நான் திகைத்துப்போனேன். கிறீஸ் மதாம் அப்படிச் சொல்லவே இல்லை. அடுப்பைப் பற்றி அவள் சொன்னது ஒரேயொரு வசனம். இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும், முகத்துக்கு நேரே, இவ்வளவு ஆறுதலாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னதையே விளங்கிக்கொள்ள முடியாத அளவுக்கா அப்பாவின் பிரெஞ்சு மோசம் என்று நினைத்தேன். அவரைத் திருத்தவில்லை. இனி எல்லா அலுவலகங்களுக்கும் அவரோடு கட்டாயம் நான் போகவேண்டும் என்று மட்டும் முடிவு செய்தேன்.