பன்னிரண்டு பூஜ்ஜியங்கள்

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சாப்பிடும்போதும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். "காலாட்டாத, பாக்கிற எனக்குத் தல சுத்துது" என்று அம்மா இருபது வருடமாகத் திட்டுகிறார். எங்கள் அலுவலகம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாவது மாடி. மொத்தம் நான்கு பேர். மற்ற மூவரும் நாற்காலியில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுவார்கள். நான் நான்கு வரி எழுதுவேன், ஜன்னல்வரை ஒரு நடை போவேன், கீழே பூக்கடையில் யார் யாரோடு சண்டை போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து ஐந்தாவது வரியை எழுதுவேன்.

இப்படிப்பட்ட எனக்கு ஃபங்ஷனல் புரோகிராமிங் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. அந்த வகை மொழியில் எழுதினால், புரோகிராம் ஓடுவதற்கு முன்பே கம்பைலர் என்கிற சரிபார்ப்பான் முழுவதையும் படித்துப் பார்த்துக் கண்ணில் விரலை விட்டு ஆட்டும். எந்தப் பெட்டிக்குள் எது போகலாம் என்று முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். அதற்குப் பெயர் டைப். தேதி போக வேண்டிய பெட்டியில் எழுத்தைப் போட்டால் விடாது. ஒரு பெட்டி காலியாக இருக்கலாம் என்று சொன்னால், காலியாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்காமல் நகராது. டைப்பைச் சரியாக எழுதிவிட்டால் தப்பான ஒன்றை உள்ளே உருவாக்கவே முடியாது. எதற்கெடுத்தாலும் பதறுகிற ஆளுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. பிழை எதுவும் இல்லை என்று திரையில் வந்தால் எனக்கு அரைமணி நேரம் கால் ஆடாது.

கிள்ளானிலும் சுற்றுவட்டாரத்திலும் சில கிளினிக்குகள் நடத்தும் டாக்டர்கள் எங்களிடம் நோயாளிப் பதிவுக்குப் புது சிஸ்டம் கேட்டார்கள். பழைய சிஸ்டத்தில் எதை வேண்டுமானாலும் தட்டலாம். பிறந்த தேதியில் போன் நம்பர் இருந்தது. முகவரியில் 'பழைய வீடு' என்று இருந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறியது. நான் எழுதிய டைப் அதற்கெல்லாம் முற்றுப்புள்ளி வைத்தது. நோயாளி என்றால் அடையாள அட்டையின் பன்னிரண்டு இலக்க ஐசி எண் இருக்கும். வெளிநாட்டவர் என்றால் பாஸ்போர்ட் எண் இருக்கும். மூன்றாவது வழி கிடையாது. இரண்டும் இல்லாத ஒரு மனிதரை என் புரோகிராமுக்குள் உருவாக்கவே முடியாது. அலுவலகத்தில் எல்லாரையும் கூப்பிட்டு இதைக் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

பழைய பதிவுகளைப் புதியதற்கு மாற்றியபோது அறுபத்தொரு பேர் வெளியே நின்றார்கள். அவர்கள் எல்லாருக்கும் ஐசி எண் பன்னிரண்டு பூஜ்ஜியங்கள். அந்த எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. பூஜ்ஜியமாவது மாதத்தில் பூஜ்ஜியமாவது நாள் பிறந்தவர் எந்தக் காலண்டரில் இருக்கிறார்? என் புரோகிராம் அவர்களைத் தள்ளி ஒரு தனிக் கோப்பில் போட்டது. அந்தக் கோப்புக்கு 'குப்பை' என்று நான்தான் பெயர் வைத்தேன்.

என் பாஸ் அறுபதை நெருங்குகிறவர், எதையும் மெதுவாகச் செய்பவர். அவர் அந்தக் கோப்பை ஒருமுறை திறந்து பார்த்தார்.

"இதுல நெஜமான ஆளுங்க இருக்கப் போறாங்க மா. ஒரு தடவ பாத்துடு."

"பாஸ், கவுண்டர்ல இருக்கிறவங்க சோம்பேறித்தனமா சைபரத் தட்டிட்டுப் போயிருக்காங்க. மறுபடி வரும்போது ஒழுங்கா பதிஞ்சுக்கட்டும் லா."

அவர் கோப்பை மூடினார். நான் ஜன்னலுக்கு நடக்கப் போய்விட்டேன்.

இங்கே என் சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தங்கை. கல்யாணம் ஆகவில்லை. கிள்ளானில் எங்களோடுதான் இருக்கிறார், முன் அறையில் தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறார். அம்மா ஆஸ்பத்திரியில் பிறந்தவர். சித்தி டெங்கில் ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தார், தாத்தா பிறப்பைப் பதியவில்லை. நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டு அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் சித்தியிடம் பிறப்புப் பத்திரம் இல்லை, ஐசியும் இல்லை. ஆனால் 'இல்லை' என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதே கிடையாது. "சித்திக்கு இன்னும் வரல" என்போம். ஏதோ தபாலில் கிளம்பிவிட்டது, வழியில் இருக்கிறது என்பதுபோல. வெளியே யாராவது கேட்டால் பேச்சை மாற்ற வேண்டும் என்பது எனக்கு ஆறு வயதிலேயே தெரியும். எங்கேயாவது எண் கேட்டே தீருவார்கள் என்றால், சித்தி அம்மாவின் ஐசி எண்ணை மூச்சு விடாமல் ஒப்பிப்பார். போன் சிம் அம்மா பெயரில். தையல் மிஷின் தவணையும் அம்மா பெயரில்.

இதெல்லாம் தெரிந்த நான்தான் மூன்றாவது வழி கிடையாது என்று எழுதினேன். எழுதும்போது சித்தியின் முகம் ஒரு நொடிகூட நினைவுக்கு வரவில்லை. இன்னும் வராத ஒன்றைப் பற்றி எதற்கு நினைக்க வேண்டும்?

சிஸ்டம் ஓட ஆரம்பித்த இரண்டாவது வாரம், ஒரு புதன்கிழமை. நான் ஜன்னலருகே நின்றபோது அம்மா கூப்பிட்டார்.

"சித்திக்கு மூஞ்செல்லாம் வீங்கிப் போச்சு. உதடு தடிச்சு, மூச்சு வாங்குது. கிளினிக்லதான் படுக்க வச்சு ஊசி போட்டுருக்காங்க. நீ கெளம்பி வா."

"என்ன சாப்ட்டாங்க?"

"கால்ல புண்ணுன்னு காலையில போனா. மாத்திர குடுத்தாங்களாம். வந்து ஒண்ண முழுங்கினா, அவ்ளோதான்."

எனக்குக் கை ஓடவில்லை, கால் மட்டும் ஓடியது. சித்திக்குப் பென்சிலின் ஆகாது. அது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் சிஸ்டம் போட்ட அந்தக் கிளினிக்குக்கும் தெரியும், பழைய சிஸ்டத்தில் சிவப்பில் இருந்தது. வெளியே மழை, வாடகைக் கார் பிடித்தால் நெரிசலில் நகராது என்று கே.எல். சென்ட்ரலுக்கு நடந்தே போய்க் கொமுட்டர் ரயிலில் ஏறினேன். சுங்கை வே பக்கம் வந்ததும் ரயில் நின்றுவிட்டது. ஏன் என்று அறிவிப்பில்லை. பெட்டியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ஒரு மலாய்க்கார ஆன்டி காலை மடக்கி எனக்கு வழிவிட்டுக்கொண்டே இருந்தார். ஐந்தாவது தடவை அவருக்கே பொறுமை போய்விட்டது, "டுடுக் லா, டிக்" என்று உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். உட்கார்ந்தபிறகுதான் மூளை வேலை செய்தது. சிவப்பில் இருந்த எச்சரிக்கை எங்கே போயிற்று?

மடிக்கணினியைத் திறந்து அலுவலக சர்வருக்குள் போனேன். சித்தியின் பெயரைத் தேடினேன். அப்படி ஒருவர் இல்லை. அம்மாவின் எண்ணைப் போட்டேன். அன்று காலை ஒன்பதே காலுக்கு அம்மா கிளினிக்குக்கு வந்ததாக இருந்தது. காலில் புண். ஒவ்வாமை: எதுவும் இல்லை. என் அம்மா அந்த நேரத்தில் வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்திருப்பார்.

பிறகு 'குப்பை'யைத் திறந்தேன். முப்பத்தெட்டாவது வரியில் சித்தி இருந்தார். பென்சிலின் என்று பெரிய எழுத்தில் இருந்தது. ரயில் கிளம்பியதா, எப்போது கிளம்பியது, எனக்குத் தெரியாது.  எழுந்து நடக்கக்கூடத் தோன்றவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது சித்திக்கு வீக்கம் வடிய ஆரம்பித்திருந்தது. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அம்மா வெளியே போய் டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டு, கோபத்தையெல்லாம் காட்டக் கூடாத ஆளிடம் காட்டினேன்.

"மாத்திர எழுதறப்ப டாக்டர் கேக்கலையா சித்தி? பென்சிலின் ஆகாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"கேட்டாரு. புது டாக்டரு. அலர்ஜி ஏதும் இருக்கான்னு கேட்டாரு."

"பெறகு?"

"கவுண்டர்லயும் புதுப் பொண்ணு, பழையவங்கன்னா நம்பரே கேக்க மாட்டாங்க. என் பேரு இல்லேங்குது, நம்பர் இல்லாம மெஷினு நகராதுங்குது. அக்கா நம்பரச் சொன்னேன். உள்ள போனா டாக்டரு என்னைய அக்கா பேரு சொல்லிக் கூப்பிடறாரு. அக்காவுக்குத்தான் அலர்ஜி ஒண்ணும் இல்லையே. நான் இருக்குன்னு சொல்லி, கம்ப்யூட்டரு இல்லேன்னு காட்டினா, மாட்டிக்க மாட்டனா? இல்லேன்னுட்டேன்."

"மாத்திரயப் போடாம இருந்திருக்கலாம்ல?"

"வேற மாத்திரயா இருக்கும்னு நெனச்சேன் மா."

நான் அழுதேன். சித்தி என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். தடித்த உதட்டோடு, "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார். அந்தச் சிஸ்டத்தை எழுதியது நான் என்று அவருக்குத் தெரியும். டிவியில் வரப்போகிறவள்போல நானே வீடு முழுக்கச் சொல்லியிருந்தேன். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் பாஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நான் சொன்னேனே என்று குத்திக்காட்டுகிற ஆளில்லை. "கிளினிக்குக்கு நானே பேசுறேன். ஐசிய ஆப்ஷனலா மாத்திடு. இருந்தா போடட்டும், இல்லேன்னா காலியா விடட்டும்" என்றார். அரைமணி நேர வேலை அது. ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. காலிப் பெட்டி எதையும் சொல்லாது. நேற்றுப் பிறந்து இன்னும் பெயர் வைக்காத குழந்தைக்கும் பெட்டி காலி. அட்டையை வீட்டில் மறந்துவிட்டு வந்தவருக்கும் காலி. சித்திக்கும் காலி. அவசரத்தில் கவுண்டர் பெண் விட்டுவிட்டாலும் காலி. பழைய பன்னிரண்டு பூஜ்ஜியங்களுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நான் மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்து இதைச் சொன்னேன். பாஸ் தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டார், கழுத்து வலித்திருக்கும்.

கடைசியில் டைப்பை நான்கு வழியாகப் பிரித்தேன். ஐசி எண், பாஸ்போர்ட் எண், இன்னும் வரவில்லை, இல்லை. மூன்றாவதைச் சித்திக்காகத்தான் எழுதினேன். வீட்டில் கேட்டுப் பழகிய வார்த்தை கையில் தானாக வந்தது. நான்காவது ஒரு ஒழுங்குக்காக. ஆளை அடையாளம் காண ஐசியை நம்பாமல் கிளினிக்கே ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுக்கும்படி மாற்றினேன். இரண்டு வழி புதிதாக வந்ததும் கம்பைலர் இருபத்தேழு இடங்களில் சிவப்பாகக் கத்தியது. இந்த இடத்தில் எண் இல்லாதவர் வந்தால் என்ன செய்வாய்? இந்த இடத்தில்? இந்த இடத்தில்? முதல் தடவையே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். அதை என்ன குறை சொல்ல, நான் சொன்னதை வைத்துத்தானே அது கேட்கும்? நான்கு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினேன். அறுபத்தொரு பேரில் அறுபது பேரை ஒவ்வொருவராகப் படித்துத்தான் உள்ளே கொண்டுவந்தேன். சித்தியை மட்டும் நேரில் பதியலாம் என்று விட்டுவைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலை சித்தியைக் கிளினிக்குக்குக் காரில் கூட்டிப்போனேன். உட்கார இடமில்லாத கூட்டம். அதே புதுப் பெண்தான் கவுண்டரில் இருந்தாள். முந்தின தடவை நடந்ததில் அவளும் பயந்துபோயிருந்தாள்.

"ஐசி நம்பர் சொல்லுங்க ஆன்டி."

சித்தியின் வாய் பழக்கத்தில் அம்மாவின் எண்ணைத் தொடங்கியது. நான் குறுக்கே பாய்ந்தேன். "மூணாவதா புதுசா ஒண்ணு வந்திருக்கும் பாருங்க மா, இன்னும் வரவில்லைன்னு. அதத் தட்டுங்க."

திரை ஆங்கிலத்தில் இருந்தது. சித்திக்கு ஆங்கிலம் படிக்க வராது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கவுண்டருக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"அதுக்குக் கீழ இன்னொண்ணு இருக்கே, அது என்னா மா?"

"அதுவா ஆன்டி? இல்லைன்னு போட்டிருக்கு."

"அதத் தட்டு."

"சித்தி, ஐசிக்கு ஃபாரம்லாம் குடுத்திருக்கோம்ல, வந்திரும்..."

"எனக்கு அறுவத்திரெண்டு ஆவுது. என்னைக்கு வரப்போவுது? நீ தட்டு மா."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். தட்டினாள். திரை ஒரு நொடிகூட யோசிக்காமல் அடுத்த கேள்விக்குப் போனது. மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாதா? சித்தி கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, காத்திருந்த கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக, "பென்சிலின்!" என்றார்.

திரும்பும்போது சித்தி கிளினிக் கொடுத்த புது அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவருடைய பெயரும் அவருக்கே உரிய ஒரு எண்ணும் இருந்தன. சிக்னலில் நான் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"அவ்ளோதானா? இல்லேன்னு சொன்னா, அது சரின்னுட்டு அடுத்ததக் கேக்குது?"

"ஆமா சித்தி. அவ்ளோதான்."

"இந்த ஒத்த வார்த்தயச் சொல்லிடக் கூடாதுன்னு இத்தன வருஷம் என் வாயப் பொத்தி வச்சிருந்தீங்களே மா" என்றார்.

பச்சை விழுந்து பின்னால் லோரிக்காரர் ஹார்ன் அடித்தார். அவர் இரண்டாவது தடவை அடித்த பிறகுதான் நான் வண்டியை எடுத்தேன்.